தரை இல்லாத வீடு

எங்க அம்மாவின் தகரப் பெட்டியில் ஒரு காகிதம் இருக்கிறது. இலவச வீட்டுமனைப் பட்டா, வருஷம் 1989. நான் பிறந்ததே அதற்கு அடுத்த வருஷம்தான். பெயர், கணவர் பெயர், சர்வே எண், மனை எண் 17, விஸ்தீரணம் மூன்று சென்ட், கீழே கையெழுத்து, முத்திரை. எல்லாம் இருக்கிறது, மனைதான் இல்லை. மேடை போட்டு, பந்தல் கட்டி, மைக்கில் பெயர் வாசித்து அறுபது குடும்பத்துக்குக் கொடுத்தார்கள். "கூப்ட்டப்ப பேர் கேட்ட ஒடனே ஒடம்பு ஆடிப்போச்சுடி. நம்ம பேர மைக்குல சொல்றாங்களேன்னு" என்று அம்மா இன்றைக்கும் சொல்லும். அந்த அறுபது பேரில் ஒருத்தர்கூட அந்த மண்ணில் அடுப்பு மூட்டவில்லை.

வீடில்லாதவர்கள் என்றால் பாலத்துக்கடியிலும் பிளாட்பாரத்திலும் படுப்பவர்கள் என்றுதான் படித்தவர்கள் நினைக்கிறார்கள். அரசாங்கக் கணக்கும் அப்படித்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியா முழுக்க வீடற்றவர்கள் சுமார் 17 லட்சத்து 73 ஆயிரம் பேர் என்றது. அந்தக் கணக்கில் எங்க சேரி வராது. எங்களுக்குக் கூரை உண்டு, கதவு உண்டு, கதவில் நம்பர் உண்டு. ஆனால் கூரைக்குக் கீழே இருக்கிற தரை எந்தக் காலத்திலும் எங்களுடையதாக இருந்ததில்லை. நம்முடைய வீட்டு வரலாற்றைத் தரையிலிருந்துதான் எழுத வேண்டும். கூரையிலிருந்து எழுதினால் திட்டங்களின் பெயர்ப் பட்டியல்தான் மிஞ்சும்.

எங்க ஆயா இருந்த குடிசை மிராசு வீட்டுக்காரரின் பட்டா நிலத்தில் இருந்தது. சுவர் ஆயா குழைத்து வைத்த மண். கூரை ஓலை அவங்க வீட்டுப் பனையிலிருந்து வெட்டிக்கொள்ளச் சொன்னது. கொல்லையில் ஒரு முருங்கை நின்றது, தண்ணீர் ஊற்றியது ஆயா. காய் காய்த்தால் முதல் பறிப்பு அங்கே போகணும். ஓடு போடணும்னு தாத்தாவுக்கு ஒரு ஆசை இருந்ததாம். "ஓடு போட்டா அப்பறம் எறங்க மாட்டீங்கடா"ன்னு சொல்லிட்டாங்களாம். நான் எம்.ஏ. தமிழ் படித்தவள். ஐந்திணையும் அகநானூறும் படித்து, மனை என்ற சொல்லுக்கு வீடு, இல்லாள், இல்லறம் என்று பொருள் எழுதி மார்க் வாங்கியவள். மனை என்ற சொல்லின் உண்மையான பொருளை எனக்குச் சொல்லிக் கொடுத்தது 'எறங்க மாட்டீங்கடா' என்கிற இந்த ஒரு வார்த்தைதான். மண் குடிசையை ஒரு நாளில் பிரித்துவிடலாம், ஓட்டு வீட்டைப் பிரிக்க முடியாது. கூலி கூடக் கேட்டால், வேறு ஊருக்கு வேலைக்குப் போனால், எதிர்த்துப் பேசினால், அவர்கள் நிலத்திலிருந்து விலக்க வேண்டியதில்லை, குடிசையை விட்டு எழுந்திரு என்றால் போதும். சாட்டையையும் சாணிப்பாலையும் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். அவற்றுக்கு முன்னாலேயே நின்ற ஆயுதம் இந்த மனை.

இதைக் காகிதத்தில் எழுதிய அதிகாரி ஒருவர் எங்க ஜில்லாவிலேயே இருந்தார். செங்கல்பட்டுக் கலெக்டராகப் பொறுப்பிலிருந்த திரமென்ஹீர் 1891-ல் பறையர்களின் நிலைமையைப் பற்றி அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். தரிசு நிலம் கேட்டுத் தர்காஸ்து போட்டால் மிராசுதாருக்கே முன்னுரிமை என்ற விதி எப்படிச் சேரிக்காரனை நிலத்தின் பக்கமே வரவிடாமல் செய்தது என்று அதில் விவரித்திருக்கிறார். அதையொட்டி 1892 செப்டம்பர் 30-ல் 1010-ஆம் எண் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று இன்றைக்கு நாம் சொல்வதெல்லாம் அங்கிருந்து தொடங்குகிறது. பத்து வருஷத்துக்கு யாருக்கும் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குத்தான் விற்கலாம் என்பது நிபந்தனை. அந்த நிலம் கைமாறிப் போன கதையும், அதை மீட்கப் போய் 1994 அக்டோபர் 10-ல் காரணைப் போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிக் குண்டுக்கு உயிர் கொடுத்த கதையும் இந்தப் பக்கங்களின் வாசகர்களுக்குப் புதிதல்ல.

ஆனால் அந்த அறிக்கையைப் பேசுகிற நாம் பயிர் நிலத்தோடு நிறுத்திவிடுகிறோம். சேரி மனை மேல் மிராசுதாருக்கு இருந்த பிடியும் அந்தக் காலத்து விவாதத்தில் இருந்தது. குடியிருக்கிற இடத்தையாவது அவனுக்கு உறுதி செய்ய வேண்டும் என்று மிஷனரிகள் உட்படச் சிலர் கேட்டார்கள். வருவாய்த் துறை மேலிடம் தயங்கிய காரணம் வெளிப்படை. மிராசுதார்தான் வரி கட்டுகிறவர், அவரைப் பகைத்துக்கொண்டு கிஸ்தி வசூல் பண்ண முடியுமா? அதனால் தரிசைக் கொடுத்தார்கள், காலடி மண்ணைத் தொடவில்லை. தரிசு வாங்கியவன் ராத்திரி வந்து படுப்பது மிராசுதாரின் தரையில்தான் என்றால் அந்தத் தரிசை அவன் எத்தனை நாள் வைத்திருப்பான்? பஞ்சமி நிலம் ஏன் பறிபோனது என்பதற்கு அறியாமை, குடி, கடன் என்று காரணம் அடுக்குகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை.

1920 வாக்கில் சென்னை மாகாணத்தில் லேபர் கமிஷனர் என்ற பதவி உருவாகி, ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் நலம் அந்தத் துறையிடம் வந்தது. கிணறு, பாதை, சுடுகாடு, பள்ளிக்கூடம், இவற்றோடு வீட்டு மனையும் அதன் வேலை. முதல் வேலைக்களம் தஞ்சாவூர். அங்கே சேரிகள் பெரும்பாலும் மிராசுதார் பட்டா நிலத்தில் இருந்தன. 1894-ஆம் வருஷத்து நில எடுப்புச் சட்டத்தைக் கொண்டு மனைக்கான நிலத்தை அரசாங்கம் எடுக்கும். அதற்கான விலையைக் கூட்டுறவுச் சங்கம் அமைத்துப் பண்ணையாட்களிடமிருந்தே பல வருஷத் தவணையில் திரும்ப வாங்கும். வீட்டுக்கடன், தவணை, சொந்த வீடு என்று இன்றைக்கு பேங்க் விளம்பரத்தில் வருகிறதே, அதை நூறு வருஷத்துக்கு முன்னாலேயே நெல் கூலிக்காரனுக்கு நீட்டியிருக்கிறார்கள். பாட்டன் முப்பாட்டன் காலத்திலிருந்து குடியிருந்த மண்ணுக்கு, அவனையே விலை கொடுக்கச் சொன்னார்கள். அதையும் மிராசுதார்கள் எதிர்த்தார்கள். பணம் கிடைக்கிறதே, பிறகு ஏன் எதிர்த்தார்கள் என்று யோசித்தால் மனையின் மதிப்பு விளங்கும். அவர்கள் இழந்தது சில குழி நிலத்தை அல்ல, ஆளை.

அதற்குப் பின்னால் முப்பது வருஷம் பெரிய மாற்றமில்லை. 1952-ல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். 1961-ல் குடியிருப்பிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்க ஒரு சட்டம். இவை செங்கொடியின் கீழே திரண்ட தலித் விவசாயக் கூலிகள் அடி வாங்கி, ஜெயிலுக்குப் போய்ப் பெற்றவை. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேரை வைத்து எரித்தார்கள். கூலிப் பிரச்சினை என்று எழுதப்படுவது சரிதான். ஆனால் எரிப்பதற்குத் தேர்ந்தெடுத்தது வீட்டை. ஓடிப்போய் ஒளிய அந்த மக்களுக்கு இருந்தது ஓர் ஓலைக் குடிசை மட்டுமே என்பதும் வரலாறுதான். கீழ்க்கோர்ட் தண்டித்தவர்களை 1973-ல் ஐகோர்ட் விடுதலை செய்தது.

வெண்மணிக்கு மூன்று வருஷம் கழித்து, 1971-ல், குடியிருப்பு உரிமை வழங்கும் சட்டம் வந்தது. விவசாயியோ விவசாயக் கூலியோ அடுத்தவர் நிலத்தில் குடியிருந்தால் அந்த மனை அவருக்கே சொந்தம். என் கணக்கில் இந்த நூற்று முப்பது வருஷத்தில் வந்ததிலேயே பெரிய சட்டம் இதுதான். இது யாருக்கும் எதையும் தானமாகக் கொடுக்கவில்லை, வேறு இடத்துக்குப் போகச் சொல்லவில்லை, நீ நிற்கிற மண் உன்னுடையது என்றது. சங்கம் பலமாக இருந்த கீழத்தஞ்சையில் அதை நடைமுறைப்படுத்த வைத்தார்கள். எங்க பக்கத்தில் சங்கமில்லை, கர்ணம் இருந்தார். பரம்பரைக் கர்ணம் பதவி 1980-ல்தான் ஒழிந்தது. அதுவரை கணக்கு எழுதியவர் மிராசு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் எழுதினார். தாத்தா போய்க் கேட்டதற்கு, "அது தஞ்சாவூர்க்காரனுக்குடா, ஒங்களுக்கில்ல" என்று பதில். சட்டம் தமிழ்நாடு முழுவதுக்கும் என்று தாத்தா தெரிந்துகொள்ளவே இல்லை. நான் தெரிந்துகொண்டபோது எனக்கு வயது 26, தாத்தா செத்துப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது.

கேட்டதற்கே கோபம் வந்து, 1970-களின் கடைசியில் குடிசையைப் பிரிக்கச் சொல்லிவிட்டார்கள். பதினெட்டுக் குடும்பம் ஏரிக்கரை ஓரம் போய்ப் போட்டது. புறம்போக்கு. அங்கிருந்து எங்க வீட்டு ஆவணக் காப்பகம் தொடங்குகிறது. 1905-ஆம் வருஷத்து ஆக்கிரமிப்புச் சட்டத்தின்படி வருஷாவருஷம் பி மெமோ வரும். நீ அரசாங்க நிலத்தை ஆக்கிரமித்திருக்கிறாய், இந்தா தண்டத் தீர்வை கட்டு என்கிற காகிதம். ஆயா அதைக் கட்டி ரசீதைப் பத்திரமாக வைத்தது. குற்றத்துக்கான அபராத ரசீதுதான், ஆனால் நாற்பது வருஷமாக இங்கேதான் இருக்கிறோம் என்பதற்கு எங்களிடம் இருக்கிற ஒரே அத்தாட்சியும் அதுதான். உங்கள் வீட்டுப் பெட்டியிலும் இருக்கும், தயவு செய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இதே சமயத்தில்தான் நத்தம் நிலவரித் திட்டம் நடந்தது. ஊர்த்தெருவில் சர்வேயர் சங்கிலி பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். நத்தத்தில் குடியிருப்பவருக்கு அவரவர் பெயரில் பட்டா. ஊர்க்காரர்கள் மனு போடவில்லை, மறியல் பண்ணவில்லை, வருமானச் சான்று, சாதிச் சான்று எதுவும் நீட்டவில்லை. அவர்கள் நத்தத்தில் இருந்தார்கள், கிடைத்தது. அதை யாரும் இலவசப் பட்டா என்று சொல்வதில்லை. எங்களுக்குக் கொடுப்பது மட்டும்தான் இலவசம்.

அந்த இலவசம் வந்த வழி 1978-ஆம் வருஷத்து நில எடுப்புச் சட்டம். 'அரிசன நலத் திட்டங்களுக்காக' என்று பெயரிலேயே இருக்கும். பழைய 1894 சட்டத்தில் நிலம் எடுக்க வருஷக் கணக்காகும் என்பதால் சுருக்கமான நடைமுறையோடு கொண்டுவந்தார்கள். நிலக்காரருக்கு நோட்டீஸ், விசாரணை, கலெக்டர் முடிவு, மாவட்ட அரசிதழில் அறிவிப்பு. அறிவிப்பு வெளியான நாளில் நிலம் அரசாங்கத்துக்குச் சொந்தம். காகிதத்தில் நல்ல சட்டம், நடப்பில் கோர்ட்டுக்குப் போகிற சட்டம். நோட்டீஸ் சரியாகத் தரவில்லை, அறிக்கை நகல் தரவில்லை என்று நிலக்காரர் ரிட் போடுவார். தடையாணை வரும். தனித்தாசில்தார் மாற்றலாகிப் போவார். சட்டம் செல்லுமா என்ற வழக்கே 1990-களில் உச்சநீதிமன்றம் வரை போய்ப் பெரும்பகுதி நிலைத்தது. 2013-ல் மத்திய அரசின் புது நில எடுப்புச் சட்டம் வந்ததும் மறுபடி தகராறு. 2019 ஜூலையில் சென்னை ஐகோர்ட் செல்லாது என்றது. சட்டமன்றம் அதே வருஷம் உயிர்ப்பித்தது. 2021 ஜூன் கடைசியில் உச்சநீதிமன்றம் அந்த உயிர்ப்பிப்பு செல்லும் என்றது. மூன்று சென்ட் மனைக்கு டில்லி வரை போக வேண்டியிருக்கிறது.

அம்மாவின் பட்டாவும் அப்படி எடுத்த நிலத்துக்குத்தான். மேடையில் பட்டா கொடுத்த மூன்றாம் மாதம் நிலக்காரர் ஸ்டே வாங்கிவிட்டார் என்று ஊரில் சொன்னார்கள். "கேஸ் நடக்குது, கேஸ் நடக்குது"ன்னு சொல்லியே ஒரு தலைமுறை போய்விட்டது. அந்த வயலில் நாற்று நடப் போனதும் எங்க அம்மாதான். தன்னுடைய மனையில் கூலிக்கு நாற்று நட்டது.

நடுவில் வந்த திட்டங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1974-ல் ஆதிதிராவிடருக்கு வீடு கட்ட என்றே தாட்கோ. 1985-ல் இந்திரா குடியிருப்புத் திட்டம். அது முதலில் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மீட்கப்பட்ட கொத்தடிமைகள் ஆகியோருக்கு மட்டும் என்றிருந்து 1993-க்கு மேல் மற்ற ஏழைகளுக்கும் விரிந்தது. மக்கள் வாயில் இதெல்லாம் ஒரே பெயர்தான், தொகுப்பு வீடு. பக்கத்து ஊர்ச் சேரியில் 30 தொகுப்பு வீடு இருக்கிறது. மேற்கூரை சிமெண்ட் பெயர்ந்து கம்பி தெரிகிறது. மழைக்காலத்தில் அங்கிருக்கிறவர்கள் வாசலில் கீற்றுப் பந்தல் போட்டுப் படுக்கிறார்கள். ஆனால் கணக்கில் அவர்கள் கான்கிரீட் வீட்டுக்காரர்கள், புது வீட்டுக்குத் தகுதியில்லை. பழைய அரசு வீடுகளைப் பழுது பார்க்க 2024-ல்தான் ஒரு திட்டம் வந்தது. சென்னையில் நடந்தது வேறு மாதிரி. 1970-ல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது இருந்த இடத்திலேயே மாடிக் குடியிருப்பு கட்டினார்கள். 2000-க்கு மேல் கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டினார்கள். கையில் ஒதுக்கீட்டு ஆணை இருக்கும், தவணை முடிந்து கிரயப் பத்திரம் கைக்கு வரும்வரை அதுவும் சொந்தமில்லை. நகரத்துச் சேரியைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

2010-ல் குடிசைகளைக் கணக்கெடுத்து 75,000 ரூபாய், 2011-ல் பசுமை வீட்டுக்கு 1,80,000, 2016-ல் பிரதம மந்திரி திட்டத்தில் சமவெளிக்கு 1,20,000, 2024-ல் கனவு இல்லத்துக்கு 3,50,000. தொகை கூடிக்கொண்டே வந்திருக்கிறது, நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு திட்டத்தின் வாசலிலும் ஒரே கேள்வி நிற்கிறது. மனை இருக்கிறதா, பட்டா இருக்கிறதா? இருக்கிறவனுக்கு வீடு. இல்லாதவனுக்கு மனை கொடுத்துவிட்டு வீடு கொடு என்று விதியில் எழுதியிருக்கிறது, அந்த மனை கொடுக்கிற வேலை வேறு துறையுடையது. ஒரு துறை சிமெண்ட் மூட்டையோடு நிற்கும், இன்னொரு துறையில் கோப்பு தூங்கும்.

2024-ல் கனவு இல்லத்துக்கு லிஸ்ட் எடுத்தபோது அம்மா பெட்டியைத் திறந்து பட்டாவை எடுத்துக்கொண்டு போனது. அலுவலகத்தில் இருந்தவர் நல்ல மனுஷன்தான், எரிந்து விழவில்லை. "இன்னாம்மா பண்றது, வீடு இருக்கிற எடத்துல பட்டா இல்ல, பட்டா இருக்கிற எடத்துல வீடு இல்ல" என்றார். அதே மாதம் ஏரிக்கரையில் நோட்டீஸ் ஒட்டினார்கள். 2007-ஆம் வருஷத்து ஏரிகள் பாதுகாப்புச் சட்டம். நீர்நிலைப் புறம்போக்கை வரன்முறைப்படுத்த முடியாது, காலி செய்ய வேண்டும். ஏரியைக் காக்க வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், எங்களுக்கும் அதே ஏரித் தண்ணீர்தான். ஆனால் யார் எங்களை அந்தக் கரைக்கு விரட்டியது என்று அந்த நோட்டீஸில் ஒரு வரி இல்லை.

அதற்குப் பிறகுதான் நான் கோப்பைத் தேடினேன். தகவல் உரிமைச் சட்டத்தில் மூன்று மனு, இரண்டு மேல்முறையீடு. வந்த பதிலைப் படித்துவிட்டு நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டேன். நிலக்காரர் போட்ட ரிட் தள்ளுபடியாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஸ்டே இல்லை. கேஸ் நடக்கவில்லை. அரசிதழ் அறிவிப்பு அப்படியே செல்லும், நிலம் அரசாங்கத்தினுடையது. ஆனால் கிராமக் கணக்கில் மாறுதல் செய்யவில்லை. 'அ' பதிவேட்டில் பழைய நிலக்காரர் பெயர், புலப்படத்தில் உட்பிரிவு இல்லை. ஒரு குமாஸ்தா அரைநாள் உட்கார்ந்து எழுத வேண்டிய வேலை. அதை எழுதாததால் அறுபது குடும்பம் முப்பத்தைந்து வருஷம் காத்திருந்தது. நிலக்காரரின் பிள்ளைகள் ஒரு ஓரத்தை வீட்டுமனையாகப் பிரித்து மஞ்சள் கல் நட்டு விற்கவும் தொடங்கியிருந்தார்கள்.

ஆகவே பட்டா வைத்திருக்கிற தோழர்கள் செய்ய வேண்டியது, பட்டாவைச் சட்டம் போட்டு மாட்டுவதோடு நிற்காமல், அதிலுள்ள சர்வே எண்ணுக்கு 'அ' பதிவேடு நகலும் புலப்பட நகலும் கேட்டு வாங்குவது. உங்கள் பெயர் கணக்கில் ஏறியிருக்கிறதா, மனை உட்பிரிவு ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லையென்றால் ஜமாபந்தியில் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள், தனியாகப் போகாமல் பட்டா வாங்கிய எல்லாரும் சேர்ந்து போங்கள். வழக்கு என்று யாராவது சொன்னால் வழக்கு எண் என்ன, கடைசி உத்தரவு என்ன என்று கேளுங்கள். வாயால் சொல்கிற ஸ்டேயை நம்பாதீர்கள்.

நாங்களும் அப்படித்தான் போனோம். அறுபது பட்டாவில் நாற்பத்தொன்றுதான் கிடைத்தது. மற்றவை கரையான் தின்றது, வெள்ளத்தில் போனது, வட்டிக்கடைக்காரரிடம் இருப்பது. திங்கட்கிழமைக் கூட்டத்தில் ஒன்பது முறை மனு கொடுத்தோம். ஒருமுறை நாற்பத்தொரு பெண்களும் பட்டாவைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்த பிறகு, கணக்கில் திருத்த உத்தரவும் அளவைக்கு ஒரு தேதியும் கொடுத்தார்கள்.

அளவை நாளன்று காலை ஏழு மணிக்கே அம்மா போய்விட்டது. சர்வேயர் வந்தது பதினொன்றரைக்கு. கூட இரண்டு போலீஸ், நிலக்காரர் பக்கம் பத்துப் பேர், எங்க பக்கம் சேரி முழுக்க. வடக்குப் பக்கமிருந்து கல் நட்டுக்கொண்டு வந்தார்கள். பன்னிரண்டாவது மனைக்கு மேல் மஞ்சள் கல் குறுக்கிட்டது. அதை வாங்கியவர்களும் எங்களைப் போலக் கூலிக்குப் போகிறவர்கள்தான், வேறு சாதி. கிரயப் பத்திரத்தோடு நின்றார்கள். ஒரு அம்மா அழுதது. வாக்குவாதம் ஏறியதும் சர்வேயர் சங்கிலியைச் சுருட்டிவிட்டு அடுத்த தேதி சொல்கிறேன் என்றார். பதினேழாவது மனை எது என்று அம்மா கேட்டது. அவர் புலப்படத்தைப் பார்த்து, தூரத்தில் ஒரு வேப்பங்கன்றைக் காட்டினார். அம்மா வரப்பில் நடந்து போய் அதன் பக்கத்தில் நின்றது. ரொம்ப நேரம் நின்றது. நான் கூப்பிட்டேன், வரவில்லை. இருட்டுகிற நேரத்துக்கு வந்து, "கெழக்க வாச வைக்கலாம்டி, காத்து வருது" என்றது. அடுத்த தேதி இன்னும் சொல்லவில்லை.